நாய் வளர்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: குளியலுக்கு முன்னால் கை

நாயை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், "வாரா வாரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிவிடுகிறோம்" என்று பலரும் பெருமையாகச் சொல்வார்கள். குளியல் தேவைதான். ஆனால் பராமரிப்பு வேலைகளில் அது கடைசி வரிசை. முதல் வரிசையில் இருப்பது உங்கள் கை. தினமும் ஒரு முறை, மூக்கிலிருந்து வால் நுனிவரை, விரல்களால் அழுத்தித் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி, விரலிடுக்குப் புண், தோலடிக் கட்டி, எடை கூடுவது குறைவது எல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். நாய்க்கு வலியைச் சொல்லத் தெரியாது. மறைக்க நன்றாகத் தெரியும்.

இங்கே எழுதியிருப்பது பெரும்பாலும் நம் ஊர் வெயிலில், டைல்ஸ் தரை வீட்டில் வளரும் குட்டை முடி நாய்களை மனதில் வைத்து: நாட்டு நாய், சிப்பிப்பாறை, ராஜபாளையம், லாப்ரடார், பீகிள். ஷிட்சு, கோல்டன் ரெட்ரீவர் போன்ற நீள முடி நாய்களுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

வாங்க வேண்டியவை

ஒரு ரப்பர் பிரஷ் அல்லது கையில் மாட்டும் ரப்பர் கிளவுஸ். நாய்க்கான நகவெட்டி. நாய்க்கான ஷாம்பு. உண்ணி எடுக்க நுனி மெலிந்த இடுக்கி. பஞ்சு, காது கழுவும் மருந்து. விரலில் மாட்டும் பல் பிரஷ், நாய்களுக்கான பேஸ்ட். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், அதுவும் நாய்க்கென்று தனியாக. ஏன் தனியாக என்பது, அதை ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்ததும் புரிந்துவிடும்.

சென்ட், பவுடர், சட்டை, கண்ணாடி எல்லாம் கடையில் கண்ணைப் பறிக்கும். இந்த வெயிலில் நாய்க்குச் சட்டை போடுவது அதற்குச் செய்யும் கொடுமை. அந்தக் காசை உண்ணி மாத்திரைக்கு எடுத்து வையுங்கள்.

முதல் வேலை: தொடுவதற்குப் பழக்குவது

குட்டியாக இருக்கும்போதே தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது சாப்பிட்டு, விளையாடி, ஓய்ந்து படுத்திருக்கும் நேரமாகப் பாருங்கள். முதலில் முதுகு, தோள் என்று அதற்குப் பிடித்த இடங்கள். அப்புறம் ஒரு பாதத்தைப் பிடித்து, உடனே விட்டு, ஒரு சின்ன தின்பண்டம். அடுத்த நாள் பாதத்தைப் பிடித்து விரலைப் பிரித்துப் பாருங்கள். பிறகு காது மடலைத் தூக்குவது, உதட்டை உயர்த்திப் பல்லைப் பார்ப்பது, வாலைத் தூக்குவது. ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள் போதும். நாய் பாதத்தை இழுத்துக்கொண்டால் அமுக்கிப் பிடிக்காதீர்கள். விட்டுவிட்டு, முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு இது வாரக்கணக்கில் இழுக்கும். இழுக்கட்டும். உறுமினால் அடிக்கவோ அதட்டவோ வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கும். ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல்: வெள்ளை நிற நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை, இந்த இனத்திலும் அப்படிப் பிறப்பவை உண்டு. கூப்பிட்டால் திரும்பாத குட்டியைப் பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டாமல், தூங்கும்போது பக்கத்தில் கைதட்டிப் பாருங்கள். கேட்காத நாயைத் தூக்கத்தில் திடீரென்று தொடக்கூடாது. தரையைத் தட்டி, அதிர்வில் எழுப்பிவிட்டுத் தொடுங்கள்.

தினமும் பத்து நிமிடம்

மாலை நடை முடிந்து வந்ததும் செய்வது வசதி. அன்றைக்கு வெளியில் ஒட்டிக்கொண்டு வந்தது அன்றைக்கே அகப்படும்.

கண்ணில் தொடங்குங்கள். காலையில் ஓரத்தில் கொஞ்சம் பீளை இருப்பது சகஜம், ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். மஞ்சளாக, பச்சையாக வந்தாலோ, ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டிருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். அடுத்து உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான நாயின் ஈறு ரோஜா நிறத்தில் இருக்கும். சில நாய்களுக்குக் கறுப்புத் திட்டுகள் இருக்கும், அது நிறமி, பயப்பட ஒன்றுமில்லை. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நல்லாயிருக்கும் நாளில் இதைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். ஈறு வெளுத்துப் போன நாளில் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

அப்புறம் காது, கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், வயிறு, தொடை இடுக்கு, விரல்களுக்கு நடுவே, வாலின் அடி. உண்ணிக்குப் பிடித்த இடங்கள் இவைதான். கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும், மேலோடு தடவினால் போதாது.

கடைசியாக விலா எலும்பு. இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்தால், லேசான சதைக்கு அடியில் எலும்பு எண்ணும்படி கைக்குத் தட்டுப்பட வேண்டும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எடை கூடிவிட்டது. லாப்ரடார் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி என்ற நாட்டு இன நாய்கள் ஓட்டத்துக்கென்றே அமைந்த உடம்பு கொண்டவை. கடைசி இரண்டு மூன்று விலா வெளியே தெரிவது அவற்றுக்கு இயல்பு. "ஏன் இப்படி எலும்பும் தோலுமா வெச்சிருக்கீங்க" என்று தெருவில் கேட்பார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்த மெலிந்த உடம்புக்கு சிமென்ட் தரை மட்டும் ஆகாது. முழங்கையில் முடி கொட்டித் தோல் தடித்துக் காய்ப்பு விழும். பழைய ஜமுக்காளத்தையோ சாக்கு மெத்தையையோ மடித்துப் போட்டுவிடுங்கள்.

உண்ணி: இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்

நம் ஊர் நாய்களைப் படுக்கையில் தள்ளும் நோய்களில் உண்ணிக் காய்ச்சல் முக்கியமானது. பழுப்பு நாய் உண்ணி என்று ஓர் இனம் வெப்ப நாடுகளில் வருடம் முழுக்கத் திரியும். எர்லிக்கியா, பபீசியா என்ற கிருமிகள் அதன் வழியாக நாயின் ரத்தத்துக்குள் போகின்றன.

புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த உண்ணி நாயின் மேலேயே வாழ்வதில்லை. குஞ்சாக ஒரு முறை ரத்தம் குடித்துக் கீழே விழும், தோலுரிக்கும், மறுபடி ஏறும், மறுபடி விழும். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி கடைசியாக இறங்கிப் போய்ச் சுவர் விரிசலிலோ, கதவு நிலையின் இடுக்கிலோ, கட்டில் காலின் பின்னாலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் அங்கே காத்திருக்கவும் அதனால் முடியும். அதனால்தான் இன்றைக்கு நாயிடம் பத்து உண்ணி எடுத்தால், வீட்டில் அதைப் போலப் பல மடங்கு ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். நாயை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, மறுவாரம் மறுபடி வந்துவிட்டதே என்று புலம்புவது இதனால்தான்.

எடுக்கும் முறை: இடுக்கியால் தோலை ஒட்டி, தலைப் பக்கமாகப் பிடித்து, நேராக, மெதுவாக இழுங்கள். திருகவோ நசுக்கவோ வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட் அல்லது சோப்புத் தண்ணீர் உள்ள மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். தரையில் போட்டு நசுக்குவது, விரல் நகத்தில் வைத்துக் குத்துவது இரண்டும் கூடாது. கடித்த இடத்தைத் துடைத்துவிட்டு, உங்கள் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

தடுக்கும் முறை: டாக்டர் எடையைப் பார்த்து எழுதித் தரும் மாத்திரை, அல்லது பிடரியில் முடியை விலக்கித் தோலில் விடும் சொட்டு மருந்து. மாத்திரைகளில் மாதம் ஒரு முறை தருவதும் உண்டு, ஏறத்தாழ மூன்று மாதம் தாங்குவதும் உண்டு. வலிப்பு வரும் நாயென்றால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொட்டு மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்பும் விட்ட பிறகு இரண்டு நாளும் குளிப்பாட்ட வேண்டாம். வீட்டில் பூனையும் இருந்தால், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தை உள்ளே கொண்டுவராதீர்கள். பூனைக்கு அது விஷம்.

செய்யக் கூடாத பட்டியல் ஒன்றும் உண்டு. மண்ணெண்ணெய் தடவுவது தோலை வேக வைக்கும், நக்கினால் நுரையீரல் வரை போகும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து நாயின் மேல் ஊற்றுவது இன்னும் மோசம். நடுக்கமும் வாந்தியுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரும். வேப்பெண்ணெய், மஞ்சள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஏறிவிட்ட உண்ணிக் கூட்டத்தை அது தீர்க்காது.

கூடவே வீட்டுச் சுவர் விரிசல்களை அடைத்து, நாயின் விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். விடாமல் இரண்டு மூன்று மாதம் செய்தால்தான் வீட்டில் இருக்கும் தலைமுறை அறும்.

முடி வாருவது

குட்டை முடி நாய்க்கு வாரம் இரண்டு முறை ரப்பர் பிரஷ் போதும். முடி வளரும் திசையிலேயே, வெளியில் அல்லது மொட்டை மாடியில் வைத்து வாரிவிடுங்கள். சோபாவில் ஒட்ட வேண்டிய முடி பிரஷ்ஷிலேயே வந்துவிடும். ஷிட்சுவுக்குத் தினமும் சீப்பு வேண்டும், காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்கு விழும். கோல்டன் போன்ற இரட்டை முடி நாய்களுக்கு வெயில் என்று மொட்டை அடித்துவிடாதீர்கள். உள்முடியை வாரி எடுத்தால் காற்றோட்டம் கிடைக்கும். மழித்தால் தோல் நேரடியாக வெயில் வாங்கும், முடியும் பழையபடி வளராமல் போகலாம்.

குளியல்

மாதம் ஒரு முறை. சேற்றில் புரண்டால், செத்த எலிமேல் உருண்டால் (உருளும், அதில் அதற்கு ஓர் ஆனந்தம்) கூடுதலாக ஒரு முறை. வாராவாரம் ஷாம்பு போட்டால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை போய், அரிப்பும் பொடுகும் வரும். அதைப் போக்க இன்னும் அதிகமாகக் குளிப்பாட்டுவார்கள்.

நம் சோப்பும் குழந்தை ஷாம்பூவும் வேண்டாம். மனிதத் தோல் அமிலப் பக்கம் சாய்ந்தது, நாய்த் தோல் நடுநிலையை ஒட்டியது. டெட்டால் கலந்த தண்ணீரும் தேவையில்லை.

காலை வெயில் ஏறிய பிறகு, சாதாரணத் தண்ணீரில், கழுத்திலிருந்து பின்பக்கமாக நனையுங்கள். தலையில் ஊற்றாமல் ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தால் போதும். காதுக்குள் தண்ணீர் போகாமலிருக்க பஞ்சு வைக்கலாம், எடுக்க மறக்கக்கூடாது. மருந்து ஷாம்பு என்றால் பாட்டிலில் போட்டிருக்கும் நேரம், பொதுவாகப் பத்து நிமிடம், ஊறவிட வேண்டும். நுரை ஒரு சொட்டும் மிஞ்சாமல் அலசுங்கள். துடைக்கும்போது விரலிடுக்கு, அக்குள், வாலடி. ஈரம் தங்கினால் அங்கே பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாதத்தைத் துடைப்பது இதே காரணத்துக்காக.

நாய் நடக்கும் தரையைப் பினாயில் ஊற்றித் துடைக்கிற வழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. நாய் காயாத தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும். தேவையென்றால் நாயை வேறு அறையில் வைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்துக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள்.

நகம், காது, பல்

டைல்ஸில் நடக்கும்போது டக்டக்கென்று சத்தம் கேட்டால் நகம் வெட்டும் நேரம் வந்துவிட்டது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இருக்கும். தார் ரோட்டில் தினமும் நடக்கும் நாய்க்குத் தானாகவே தேயும். ஆனால் முன்காலில் சற்று மேலே தனியாக ஒரு கட்டைவிரல் நகம் இருக்கும், அது தரையைத் தொடாது, தேயாது. கவனிக்காமல் விட்டால் சுருண்டு சதைக்குள் குத்தும்.

வெள்ளை நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தமும் நரம்பும் ஓடும் சதை. அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் அது தெரியாது. சீவுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வெட்டுமுகத்தின் நடுவில் கறுத்த ஈரப் புள்ளி தென்பட்டதும் நிறுத்த வேண்டும். ரத்தம் வந்துவிட்டால் பதறாமல் சோளமாவை அப்பி, சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். ஒரே நாளில் எல்லா நகமும் வெட்டியாக வேண்டும் என்று சட்டமில்லை. இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு ஒரு கால்.

காதை வாரம் ஒரு முறை தூக்கி மோந்து பாருங்கள். வாடை இல்லாமல் வெளிர் நிறமாக இருந்தால் கை வைக்க வேண்டியதே இல்லை. லாப்ரடார், பீகிள், காக்கர் ஸ்பானியல் போன்ற தொங்கு காது நாய்களுக்கு மட்டும் மருந்தைச் சில சொட்டு விட்டு, காதின் அடியைக் கசக்கி, நாய் தலையை உதறிய பிறகு வெளியில் வந்ததைப் பஞ்சால் துடைக்கலாம். பட்ஸ் விட்டுக் குடையக் கூடாது. தலையை ஓயாமல் உதறுவது, காப்பித்தூள் மாதிரி அழுக்கு, புளித்த வாடை இவை தெரிந்தால் சொந்த வைத்தியம் வேண்டாம். பூஞ்சையா, பாக்டீரியாவா, பூச்சியா என்று பார்த்துத்தான் மருந்து.

பல் தேய்ப்பதைக் கேட்டாலே பாதிப்பேர் சிரிப்பார்கள். வளர்ந்த நாய்க்கு 42 பல். காறை படிந்து ஈறு அழுகினால் மயக்க ஊசி போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவைப் பார்த்தால் சிரிப்பு நிற்கும். தினமும் முடியாவிட்டால் வாரம் மூன்று நாளாவது, வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தாலும் போதும். நம் டூத்பேஸ்ட் கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தி, கல்லீரலையும் கெடுக்கும்.

சாப்பாட்டில் ஜாக்கிரதை

நம் வீடுகளில் மிஞ்சியதைப் போடுவது வழக்கம். சின்ன வெங்காய சாம்பார் சாதம் நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களை உடைக்கும், வேக வைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்தில் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லேட் இதயத்தை. வேக வைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். கோடையில் மாங்கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்துப்போய் ஆபரேஷனுக்கு வரும் நாய்கள் உண்டு, சாப்பிட்ட கொட்டையை மூடியுள்ள குப்பைக்கூடையில் போடுங்கள்.

வீட்டுச் சாப்பாடுதான் தருவேன் என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேக வைத்த கோழி, முட்டை, கேரட், பரங்கி, கொஞ்சம் சாதம். வெறும் பால்சாதத்தில் வளரும் குட்டிக்குக் கால் வளையும். கால்சியம் எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். பெரிய நாய்களுக்குப் பால் குடித்தால் வயிற்றுப்போக்கு வருவதும் சகஜம்.

வெயில்

நாய்க்கு உடம்பில் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழுக்கு முன்பும் இருட்டிய பிறகும் மட்டும் நடை. புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த வெயில் உயிருக்கே ஆபத்து. ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் காது மடலும் வெயிலில் கருகும், உச்சி வெயில் நேரத்தில் நிழலில் கட்டுங்கள். நிற்கும் காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

ஊசியும் பூச்சி மருந்தும்

பிறந்த ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பார்வோ, டிஸ்டம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களுக்கான தடுப்பும் இதில் அடங்கும். மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். மூன்றாம் மாதம் ரேபிஸ் ஊசி, பிறகு வருடா வருடம். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருத் தரையில் விடாதீர்கள், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோ நோய்க்கு மழைக்காலத்துக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். குடல் பூச்சிக்கான மருந்து குட்டிக்கு அடிக்கடி, ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் உரிமமும் எடுக்க வேண்டும், அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள். தனியார் செலவு கட்டுப்படாதவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனை.

எப்போது காத்திருக்கக் கூடாது

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்கிற அளவு அதற்குச் சாதாரணம், தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. 103-ஐத் தாண்டி, சாப்பிடாமல் படுத்துக்கிடந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் மூத்திரம், ஈறு வெளுப்பது இவை உண்ணிக் காய்ச்சலின் அடையாளங்கள். வெயிலில் மயங்கித் தடுமாறினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மழை இரவில் தேரையைக் கவ்விவிட்டு எச்சில் நுரைத்து ஒழுகினால், வாயை ஈரத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். குட்டிக்கு ரத்தம் கலந்த பேதி, பெரிய நாய்க்கு வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டுவது, இரண்டும் நள்ளிரவானாலும் போக வேண்டிய விஷயங்கள்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். தடுப்பூசிப் புத்தகம், கடைசியாக உண்ணி மருந்து போட்ட தேதி, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது, எப்போது மூத்திரம் போனது, இவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால், அங்கே போய் யோசித்து நிற்க வேண்டியிருக்காது.